கிரிவலம் போன மீன்

மீன் எப்படி நீந்துகிறது என்று ஆராய்வதுதான் என் வேலை. இந்த வேலையில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஜென்மம் மீன்தான். திருவண்ணாமலையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் நாலு வருஷமாக இதற்காகக் குப்பை கொட்டுகிறேன். "இன்னும் முடியலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் பிஎச்.டி. ஜீவன்களே, இது உங்களுக்குத்தான்.

பிடிச்சிருக்கா?

மீன் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு போவதில்லை. தலைப்பக்கம் கிளம்பும் ஒரு வளைவு உடம்பு வழியே ஓடி வாலில் முடிகிறது. போகிற போக்கில் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. அந்த உடம்பு எங்கே விறைப்பு, எங்கே தளர்வு என்று தெரிந்தால்தான் அதே மாதிரி ஒரு இயந்திர மீன் செய்ய முடியும். அதற்காக மார்க்கெட்டில் கஸ்தூரி அக்கா கடைக்குப் போய், "வெட்டாதீங்க, செதில் எடுக்காதீங்க, முழுசா ஒரு கட்லா குடுங்கக்கா" என்றேன். குழம்புக்கா, வறுக்கவா என்று கேட்டார். ரெண்டுக்கும் இல்லை, வளைத்துப் பார்க்க என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? ஸ்கேலும் கையுமாக அங்கேயே ஒவ்வொரு மீனாக வாலைப் பிடித்து வளைக்க ஆரம்பித்தேன். நாலாவது மீனில் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா, மாப்ள பாக்கற மாதிரி பாக்கறியே! புடிச்சிருக்கா இல்லையா, ஒரு வார்த்த சொல்லிடு."

வலம்

ஒருவழியாக மீன் தயாரானது. முழங்கை நீளம், உள்ளே தண்ணீர் புகாத டப்பாக்களில் மூன்று மோட்டார், மேலே இழுத்தால் நீளும் ரப்பர் துணியில் ஒரு சட்டை. ஏரிக்குள் சத்தமில்லாமல் போய், மற்ற மீன்களைக் கலைக்காமல் தண்ணீரைச் சோதித்துவிட்டு வரவேண்டும் என்பது என் கனவு. முதலில் அது நேராகப் போகவேண்டுமே! கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் தெரிந்தவர் நிலத்து பம்புசெட் தொட்டியில் விட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

அன்றைக்குப் பௌர்ணமி. இந்த ஊரில் பிறந்தவள் எதை வேண்டுமானாலும் மறக்கலாம், பௌர்ணமியை மறக்கலாமா? பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட்டார்கள். வாளியில் மீனோடு, கும்பலோடு கும்பலாக நடந்தேன். தொட்டியில் விட்டால் சனியன் வலது பக்கமாகவே வட்டம் போடுகிறது. பத்து தடவை விட்டேன், பத்து தடவையும் அதே வட்டம். தொட்டியைச் சுற்றிக் கூட்டம் வேறு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து நடக்க வந்த ஒரு அம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"வலமாதானே சுத்துது, ஏன் கண்ணு அழுவுற? அதுவும் கிரிவலம் போவுது, வுடு."

இடம்

என் கைடு அப்படி விடவில்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் மேலே கமிட்டி இருக்கிறது. "அடுத்த கமிட்டிக்குள்ள மீன் நேரா போகலைன்னா, உன்னைத் தண்ணி பம்பு டாபிக்குக்கு மாத்திடுவாங்கம்மா" என்றார். நாலு வருஷம் வளைத்து வளைத்துப் பார்த்ததெல்லாம் வீண். மோட்டாரை மாற்றினேன். புரோகிராமில் வாலைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்தேன். கம்மியாக வைத்தால் வலம், ஜாஸ்தியாக வைத்தால் இடம்; நடுவில் நேர் என்று ஒன்று இல்லவே இல்லை. கைடைக் கூப்பிட்ட நேரம் பார்த்து அது இடது பக்கமாக ஜோராகச் சுற்றியது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அப்பிரதட்சணமா சுத்துதே, இதை வெளியில யாருக்கும் சொல்லிடாதம்மா!"

சட்டை

மீனுக்குச் சட்டை தைத்தது அன்வர் பாய். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைக்கிறவர். அவர் அப்பாவும் அதே கடையில் அதே வேலைதான் பார்த்தார். புதுச் சட்டை ஒன்று தைக்கச் சொல்லப் போன இடத்தில் புலம்பித் தீர்த்தேன். அவர் மீனை வாங்கி மடியில் வைத்து, இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தார். வலது பக்கம் ஈஸியாக வளைந்தது, இடது பக்கம் பாதியில் நின்றது. வலது விலாவில் நீளமாக ஓடும் தையலைக் கட்டைவிரலால் தடவினார். துணி நீளுகிறது, தையல் நீளவில்லை.

"தையலை வயித்துல போடட்டுமானு அன்னிக்கே கேட்டேன்" என்றார். கேட்டார்தான். வீடியோ எடுக்கிற பக்கம் வழவழப்பாக இருக்கவேண்டும், எனவே தையல் மறுபக்கம் என்று அடம் பிடித்தவள் நான். அத்தனை மீனை வளைத்துப் பார்த்த மகராசி, தன் மீனை வளைத்துப் பார்க்கவில்லை! வெட்கத்தில் தலையைத் தொங்கப் போட்டேன். பாய் பிரித்துத் தைக்க ஆரம்பித்தார்.

"சட்டை ஒரு பக்கம் புடிச்சா நீங்க வாய் தொறந்து சொல்லுவீங்க. அதுக்கு வாய் இல்லம்மா, சுத்திச் சுத்திக் காட்டியிருக்கு."

கமிட்டி

காலேஜின் பெரிய தண்ணீர்த் தொட்டி. வெளியூர் பேராசிரியர்கள் இரண்டு பேர், கைடு, நான். வயிற்றில் தையல் போட்ட மீனைத் தண்ணீரில் விட்டு, கையை எடுத்தேன். போனது. நேராகப் போனது. கோடு கிழித்த மாதிரி, தலையிலிருந்து வால் வரைக்கும் வளைந்து வளைந்து போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைடு கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்.

நேராகவே போய் எதிர்ச் சுவரில் மடேரென்று முட்டியது. முட்டிவிட்டு, அங்கேயே நின்று நீந்திக்கொண்டே இருந்தது. நேராகப் போகவேண்டும் என்கிற வேகத்தில், திரும்புவதற்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மூத்த பேராசிரியர் பேப்பரில் கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்.

"டாபிக் மாத்த வேண்டாம். ஆனா இதுக்கு மறுபடியும் கொஞ்சம் கிரிவலம் கத்துக் குடுங்க."

நாலு வருஷத்தில் நான் கண்டுபிடித்தது இதுதான்: மீன் நீந்த உடம்பு முழுக்க வேண்டும், அது நேராக நீந்த அன்வர் பாய் வேண்டும்.