ஹார்கெட் டாக்டருக்கு ஹார்கெட் டாக்டர் எழுதியது

மிஸ்ஸஸ் ஹார்கெட்டிடம் பெயர் கேட்டால் "எம். எல்." என்பார். அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. மளிகைக் கடையிலும் துணிக்கடையிலும் ரயில் நிலையத்திலும் அதே இரண்டு எழுத்துதான். அமெரிக்காவின் அலபாமாவில், கேட்ஸ்ஃபோர்டில் கொஞ்சம் தலைநிமிர்ந்து வாழ்ந்த கறுப்பர் வீட்டுப் பெண்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பெயர் தெரிந்தால் வெள்ளைக்காரர்கள் "மிஸ்ஸஸ்" போடாமல் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பத்து வயதுப் பிள்ளைகூட. தெரியாவிட்டால் திணறுவார்கள். அந்தத் திணறலை மிஸ்ஸஸ் ஹார்கெட் நின்று பார்ப்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அதிகம் பேசமாட்டார்.

அவர் கணவர் ஈ. பி. ஹார்கெட் ஊரில் இருந்த ஒரே கறுப்பு டாக்டர். அவரை "டாக்டர்" என்று கூப்பிட வெள்ளைக்காரர்களுக்குத் தடையில்லை. ஒரு கறுப்பரை "மிஸ்டர்" என்று சொல்லாமல் தப்பிக்க அது தோதான வார்த்தை.

1913இல் டாக்டருக்குக் காசநோய் வந்தது. சுற்றுவட்டாரத்தில் நூறு பேருக்கு அவர் கண்டுபிடித்துச் சொன்ன நோய். தனக்கு வந்தபோது கண்டுபிடிக்க நாலு மாதம் ஆயிற்று. டென்னஸி மலையில் கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.

"வாரம் ஒரு கடிதம் போடுறேன். வரலன்னா பயப்படு. அதுவரைக்கும் பயப்படாதே" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

முதல் வாரம் கடிதம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மிஸ்ஸஸ் ஹார்கெட் சொன்னபடி பயந்தார்.

மூன்றாவது வாரம் தபால் ஜன்னலில் வெள்ளைக்கார குமாஸ்தா ப்ரூயிட் ஓர் உறையைத் தூக்கிப் பிடித்தார்.

"மிஸ்ஸஸ் ஈ. பி. ஹார்கெட்னு போட்டிருக்கு. அப்படி ஒரு ஆள எனக்குத் தெரியாதே. ஏற்கெனவே ரெண்டு வந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன்."

"அது நான்தான் சார்."

"உன் பேரென்ன?"

"எம். எல்., சார்."

"அது எழுத்து. உங்கம்மா உன்னை என்னன்னு கூப்பிட்டா?"

"அவங்க செத்துப்போயிட்டாங்க சார்."

அந்தக் கடிதமும் திரும்பிப் போயிற்று.

வரிசையில் பின்னால் நின்ற ஓடெசா தெருமுனை வரை கூடவே வந்தார். ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்.

"சிஸ்டர் ஹார்கெட், நம்ம போதகர் ரெவரெண்ட் மிம்ஸ் பேருக்குப் போடச் சொல்லுங்க. ரெவரெண்டுன்னா ப்ரூயிட்டுக்கு வாய் வலிக்காது."

"ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல வந்துடும்."

"அதுவும் சரிதான். போன மாசம் என் மூட்டுவலி வந்துச்சு."

மிஸ்ஸஸ் ஹார்கெட் நடந்ததைக் கணவருக்கு எழுதிப் போட்டார். அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. "டாக்டர் ஈ. பி. ஹார்கெட், கேட்ஸ்ஃபோர்ட், அலபாமா" என்று உறையில் இருந்தது. டாக்டர் ஊரில் இல்லை என்பது ப்ரூயிட்டுக்குத் தெரியும். ஆனால் விலாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"டாக்டருக்கு வந்திருக்கு. வீட்ல கொடுத்துடு" என்றார்.

யாராவது பிரித்துப் பார்த்தால் என்ன செய்வது என்று டாக்டர் உள்ளேயும் ஜாக்கிரதையாக எழுதியிருந்தார்.

"மதிப்புக்குரிய டாக்டர், தங்கள் நோயாளியின் எடை ஒரு பவுண்டு கூடியிருக்கிறது. காய்ச்சல் மாலையில் மட்டும். தினமும் ஆறு முட்டை கொடுக்கிறார்கள். நோயாளி கோழிகளை வெறுக்கத் தொடங்கிவிட்டார். தங்கள் வீட்டிலுள்ள பெண்மணியின் நினைவு அவருக்கு அடிக்கடி வருகிறது. இது நோயின் அறிகுறி அல்ல என்றே நினைக்கிறேன். இப்படிக்கு, தங்கள் சக மருத்துவர், ஈ. பி. ஹார்கெட்."

மிஸ்ஸஸ் ஹார்கெட் பதில் போட்டார். "டாக்டர் ஊரில் இல்லை. நான்தான் படித்தேன். பெண்மணி சரியாகத் தூங்குவதில்லை என்று நோயாளியிடம் சொல்லவும்."

இப்படி முப்பத்தொரு கடிதங்கள் வந்தன. பிப்ரவரியில் நின்றுபோயின. இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் ப்ரூயிட் கையில் மருத்துவமனை முத்திரையோடு ஓர் உறை இருந்தது. மிஸ்ஸஸ் ஈ. பி. ஹார்கெட் என்று எழுதியிருந்தது. கையெழுத்து டாக்டருடையது இல்லை.

"இது டாக்டருக்கு இல்ல. பேரு?"

பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள், எல்லாரும் கறுப்பர்கள். மிஸ்ஸஸ் ஹார்கெட் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மருத்துவமனை நோயாளியின் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறது என்றால் அது எதற்காக இருக்கும் என்பது டாக்டர் வீட்டில் பதினைந்து வருடம் குடித்தனம் செய்தவருக்குத் தெரியும். பெயரைச் சொன்னார்.

"கேக்கல."

இன்னொரு தடவை சொன்னார்.

"நல்லாத்தானே இருக்கு. இதுக்கா இவ்வளவு?" என்று ப்ரூயிட் அந்தப் பெயரைச் சொல்லி உறையை நீட்டினார்.

வாசற்படியில் நின்றே பிரித்தார். தலைமை நர்ஸ் எழுதியிருந்தார். டாக்டர் பனியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம், அதனால் எழுத முடியவில்லையாம். நுரையீரல் தேறிவிட்டது. இருபதாம் தேதி அனுப்பிவைக்கிறோம். கம்பளிக் கோட்டு ஒன்று உடனே அனுப்பவும்.

தேதி தவறாமல் டாக்டர் வந்து இறங்கினார், கட்டுப்போட்ட கையோடு.

"பேரைச் சொல்லிட்டியாமே?"

"யார் சொன்னா?"

"ரயில் போர்ட்டர், நம்ம ஆளுதான். என்ன பேருன்னு மட்டும் சொல்லமாட்டேங்கிறான்."

"நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

டாக்டர் இடது கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"அப்படின்னா சரி" என்றார்.

"கோட்டுப் பித்தானைப் போடுங்க. காத்தடிக்குது."

அதற்குப் பிறகு டாக்டர் பதினேழு வருடம் இருந்தார். இருதயம் நின்றுதான் போனார், நுரையீரலால் அல்ல.

இது 1936. மிஸ்ஸஸ் ஹார்கெட்டுக்கு அறுபத்திரண்டு வயது. தபால் ஜன்னலிலும் கடைத்தெருவிலும் வெள்ளைக்காரர்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அன்று வரிசையில் நின்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் யாரும் இதுவரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை.