கிழங்குக்கு மாற்றிய பிள்ளை என்றார்கள்

1. மிஷினில் ஏறாத புத்தகம்

அச்சுக்குத் தயாராகிவிட்ட புத்தகத்தை நிறுத்தச் சொன்னால் அச்சகக்காரர் என்ன பேசுவார் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ரவாங்கில் என் புத்தகங்களை அச்சடிக்கும் மணியம் போனில் கத்தியது இது:

"சார், பிளேட் போட்டாச்சு, பேப்பர் வந்தாச்சு. வேற வேலை ஏத்த முடியாம மிஷின சும்மா வச்சிக்கிட்டு உக்காந்துருக்கேன். நீங்க என்னான்னா ஒரு சேப்டர் மாறும்னு சொல்றீங்க. வெளையாடுறீங்களா லா?"

"மாறும்னு சொல்லலப்பா. மாறலாம்னு சொல்றேன்."

"அது இன்னும் மோசம் சார்!"

மணியம் நல்ல மனிதர்தான். ஆனாலும் அன்றைக்கு அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாழ்நாளில் பெரும்பகுதியைத் தமிழ்ப் பத்திரிகையில் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கத் தெரியாமல், ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தைப் பார்த்த ரப்பர் தோட்டத்து மனிதர்களைத் தேடிப்போய் எழுத ஆரம்பித்தேன். இரண்டு புத்தகங்கள் வந்தன. மூன்றாவதில் என் பத்திரிகை அனுபவங்களையும் கொஞ்சம் சேர்த்திருந்தேன். கெர்லிங், உலு யாம், செரண்டா என்று ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் சுற்றுவேன். அந்தக் காலத்தில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இப்போது மிச்சம். அவர்கள் முன்னால் ரெக்கார்டரை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு அது சுலபமில்லை. "ஊர்க்கதையெல்லாம் மணிக்கணக்கா கேக்குற ஆளு, வீட்ல சொன்னா மட்டும் காதே கேக்காது" என்பாள் என் மனைவி. அதுவும் உண்மைதான்.

அந்த மூன்றாவது புத்தகத்தை நிறுத்தியது ஒரு வாட்ஸ்அப் செய்தி. கோலசிலாங்கூரிலிருந்து ஒரு சீனப் பெண் மலாயில் அனுப்பியிருந்தாள். "நீங்கள் எழுதியிருக்கும் அஞ்சலை என் தாத்தாவின் தங்கை. படத்தைப் பார்த்ததிலிருந்து தாத்தா சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அம்மா ஒருமுறை வருவார்களா?"

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

2. அஞ்சலையக்கா

அஞ்சலையக்கா செரண்டாவில் மகன் குமாரோடு இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். முதலில் பார்க்கும் எவருக்கும் திகைப்பாக இருக்கும். அசல் சீன முகம். நெற்றியில் திருநீறு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, வாயில் வெற்றிலை. வாயைத் திறந்தால் தோட்டத் தமிழ் கொட்டும். நான் முதல்முறை போனபோது வாசலில் என்னை நிற்க வைத்துவிட்டு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "குமாரு, பேப்பர்காரரு வந்துருக்காரு. நாற்காலி பூரா துணியப் போட்டு வச்சிருக்கியே, மனுசன் ஒன் தலையிலயா உக்காருவாரு?" எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று.

ஜப்பான்காரன் காலத்தில் சில சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தோட்டத்துத் தமிழர்களிடம் விட்டுப்போனது இங்கே பலரும் அறிந்த சங்கதி. அப்படி வளர்ந்தவர்தான் அக்கா. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்த பச்சையம்மா அவரை எடுத்து வளர்த்தார். பச்சையம்மாவின் கணவரை சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. இந்த ஒரு பிள்ளையை வளர்த்து, கல்யாணம் செய்து கொடுத்து, பேரனையும் பார்த்துவிட்டுத்தான் பச்சையம்மா கண்ணை மூடினார்.

"நான் எப்பிடிம்மா ஒங்ககிட்ட வந்தேன்னு கேட்டா, மாரியாத்தா குடுத்தான்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது" என்றார் அக்கா. "லயத்து வீடுகள்ல சும்மா விடுவாங்களா? கொழாயடியில சண்டை வந்தா போதும். 'போடி, ஒரு மூட்டை மரவள்ளிக் கெழங்குக்கு மாத்துன சிறுக்கி'ன்னு ஆரம்பிச்சிருவாளுங்க. நான் அழுதுக்கிட்டே ஓடுனா, எங்கம்மா மூஞ்ச தொடச்சி விடுவாங்க. ஆனா இல்லன்னும் சொல்ல மாட்டாங்க, ஆமான்னும் சொல்ல மாட்டாங்க."

அதுவரை கணீரென்று பேசிக்கொண்டிருந்தவரின் குரல் இறங்கிவிட்டது. ரெக்கார்டரை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, எல்லாத்தையும் எழுதிக்க. அந்தக் கெழங்கு மட்டும் வேணாம். அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. நெசமா இருந்தா பெத்தவ என்னைய வித்தவ. எங்கம்மா வாங்குனவங்க. அத வேற நான் புஸ்தகத்துல படிக்கணுமா?"

நான் எழுதவில்லை. அந்த அத்தியாயம் முதலில் ஒரு ஞாயிறு பதிப்பில் வந்தது. இளம் நிருபர் ஒருத்தி அதை மலாயில் மொழிபெயர்த்து, அக்காவின் படத்தோடு பேஸ்புக்கில் போட்டாள். அதைத்தான் கோலசிலாங்கூரில் பார்த்திருக்கிறார்கள்.

செய்தியை எடுத்துக்கொண்டு செரண்டாவுக்குப் போனேன். குமார் தொழிற்சாலை வேலை முடிந்து வந்திருந்தான். படித்ததும் முகம் கறுத்துவிட்டது.

"எதுக்கு சார் இதெல்லாம்? அம்மாவுக்கு பிரஷர் இருக்கு. அந்தாளு 'ஆமா, மூட்டைக்குத்தான் குடுத்தோம்'னு சொல்லிட்டா என்னா பண்ணுவீங்க? நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க. நான்தான் இவங்களப் பாத்துக்கணும்."

அவன் சொன்னதில் தவறே இல்லை. அக்கா போனை வாங்கி, செய்தியோடு அந்தப் பெண் அனுப்பியிருந்த தாத்தாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமா எங்கம்மா பேருல ஒரு கெட்ட பேச்சு கெடக்கு குமாரு. அதக் கேக்கப் பயந்துக்கிட்டு இருந்தா நான் என்னா மவ? சனிக்கெழமை காடிய எடு, போயி பாத்துருவோம்."

3. துணிக்கடையின் பின்கட்டு

கோலசிலாங்கூர் பழைய பட்டணத்தில், மலையடிவாரத்துக் கடை வரிசையில் அந்த வீடு இருந்தது. முன்பக்கம் இப்போது கைப்பேசிக் கடை. ஒரு காலத்தில் துணிக்கடையாகவும் தையல்கடையாகவும் இருந்ததாம். பின்கட்டில் பிரம்பு நாற்காலியில் அந்தப் பெண்ணின் தாத்தா ஆ செங் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் குமார் என் கையைப் பிடித்துக்கொண்டான். எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

இருவருக்கும் பொதுவான மொழி பசார் மலாய் என்னும் சந்தை மலாய்தான். அவர்கள் பேசியதை நான் தமிழில் தருகிறேன்.

பேத்தி தேநீர் கொண்டுவந்தாள். அக்கா வாங்கவில்லை, உட்காரவும் இல்லை.

"தேத்தண்ணி அப்புறம். முதலில் ஒன்று சொல்லுங்கள். என்னைக் கிழங்குக்கா கொடுத்தீர்கள்?"

கிழவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். கேள்வி புரிந்ததும், "யார் சொன்னது? யார் அப்படிச் சொன்னது?" என்று நாற்காலியின் கையைத் தட்டினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

ஜப்பான்காரர்கள் அவருடைய அப்பாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா சியூ லான், எட்டு வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிவந்து, லயத்துக்குப் பின்னால் இருந்த மரவள்ளிக் கொல்லையில் ஒளிந்துகொண்டார். பட்டினியில் பால் வற்றிப்போனது. குழந்தை அழுதது. அந்த அழுகை பச்சையம்மாவின் காதில் விழுந்தது. பச்சையம்மாவுக்குப் பிறந்த பிள்ளை இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கொல்லைக்குள் வந்தவர் ஒன்றும் கேட்கவில்லையாம். குழந்தையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாராம்.

"சிப்பாய்கள் தேடி வந்தபோது உன் அம்மா பச்சையம்மா லயத்து வாசலிலேயே உட்கார்ந்து உனக்குப் பால் கொடுத்தாள். முந்தானையால் உன்னை மூடியிருந்தாள். அவர்கள் அவளைத் தாண்டித்தான் போனார்கள். நானும் என் அம்மாவும் கொல்லையில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தோம். நீ எங்களோடு இருந்திருந்தால் அழுதிருப்பாய். மூன்று பேரும் செத்திருப்போம்."

கடற்கரைப் பக்கம் உறவினர்களிடம் போய்ச் சேர சியூ லான் காட்டு வழியாக நடக்க வேண்டியிருந்தது. பால்குடிப் பிள்ளையைக் கொண்டுபோக வழியில்லை. விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர்கள் வழியில் பட்டினி கிடக்கக்கூடாது என்று பச்சையம்மா தன் பங்குக் கிழங்கையெல்லாம் பிடுங்கி ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார். பிள்ளை இங்கே நின்றது, மூட்டை அங்கே போனது. லயத்தில் பார்த்தவர்கள் அவரவர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார்கள்.

"அந்தக் கிழங்கைத் தின்றுதான் நான் உயிரோடு இருக்கிறேன்" என்றார் கிழவர். அக்கா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கதை அதோடு முடியவில்லை. யுத்தம் முடிந்ததும் சியூ லான் பிள்ளையை வாங்கிப்போக வந்திருக்கிறார். பச்சையம்மா மறுத்துப் பேசவில்லை. பிள்ளைக்குத் தலைசீவி, கவுன் போட்டு, வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "உன் பிள்ளை. எடுத்துக்கொள்" என்றாராம். பிள்ளை வீறிட்டுப் பச்சையம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. சியூ லான் குழாயடியில் போய் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். திரும்பி வந்து, "இல்லை. உன் பிள்ளைதான்" என்றார். ஒன்றே ஒன்று கேட்டார். வருடத்துக்கு ஒருமுறையாவது பிள்ளையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"தீபாவளிக்கு முன்னால் உன் அம்மா உன்னை இங்கே கூட்டிவருவாள். என் அம்மா இந்தக் கடையில் தைத்துக்கொண்டிருந்தாள். உனக்குக் கவுனுக்கு அளவெடுப்பாள்."

அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் கத்திவிட்டார்.

"ஐயோ, அந்தக் கடைக்காரம்மாவா! பெர்ஜுந்தையில தையக்கடையே இல்லாத மாதிரி என்னைய பஸ் ஏத்தி இங்க இழுத்துட்டு வருவாங்க தம்பி! அந்தம்மா தோள அளக்கும், மறுபடியும் தோள அளக்கும். கைய அளக்கும், முதுக அளக்கும், திரும்பவும் மொதல்லேருந்து வரும். எனக்கு எரிச்சலா வரும். அளவெடுக்கவே தெரியல, எதுக்கும்மா இந்தக் கடைக்கு வர்றீங்கன்னு எங்கம்மாகிட்ட சண்ட போடுவேன். எங்கம்மா வாசல்ல நின்னு ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவசரப்படுத்தவே மாட்டாங்க!"

அவருக்கு மூச்சு வாங்கியது. குமார் ஓடிப்போய் முதுகைத் தடவினான்.

நான் எத்தனையோ யுத்தகாலக் கதைகளைக் கேட்டவன். சாவுக்கணக்கு கேட்டுக் கேட்டுக் காய்ந்துபோன மனது. ஆனால் அந்தப் பின்கட்டில் எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. ஆளுக்கு நாலு வார்த்தை மலாய் தெரிந்த இரண்டு பெண்கள். ஒருத்தி புருஷனை லோரியில் பறிகொடுத்தவள், மற்றவள் சயாம் ரயில் பாதையில் பறிகொடுத்தவள். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. பிள்ளைக்கு ஒரு சொல்லும் தெரியாமல் கல்யாண ரவிக்கைக்கு அளவெடுத்தது வரைக்கும் அந்த ஏற்பாட்டை நடத்தி முடித்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷிகள்!

கல்யாணமாகி அக்கா வேறு தோட்டத்துக்குப் போனதும் வருகை நின்றது. பச்சையம்மா இருக்கும்வரை அந்தப் பெண்ணைக் குழப்பக்கூடாது என்பது சியூ லானின் உத்தரவு. இரண்டு தாய்மார்களும் போனபிறகு ஆ செங் தோட்டத்துக்குத் தேடிப்போனார். லயம் இருந்த இடத்தில் எண்ணெய்க்காக நட்ட செம்பனை நின்றது. கேட்க ஆளில்லை.

கிளம்பும்போது கிழவர் அக்காவின் கையை விடவே இல்லை. அக்கா ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "தீபாவளிக்கு வீட்டுக்கு வாருங்கள். வராவிட்டால் நானே வந்து தூக்கிப்போவேன்" என்று மலாயில் அதட்டினார். பேத்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

காரில் பாதித் தூரம் வந்திருப்போம். அக்கா என் தோளைத் தட்டினார்.

"தம்பி, புருசனும் வரல, பெத்த புள்ளயும் தங்கல. எங்கம்மாவுக்கு இருந்தது நான் ஒருத்திதான். அப்பிடியிருந்தும் தலைசீவி வாசல்ல கொண்டாந்து நிறுத்துனாங்களாமே." அதற்குப் பிறகுதான் அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேருமே என்னைய அடுத்தவங்களுக்குக் குடுக்கத்தான் பாத்துருக்காங்க. யாரும் யாருகிட்டயும் வாங்கல. அந்தக் கெழங்கையும் புஸ்தகத்துல போட்டுரு. நல்லா பெரிசா போடு."

அத்தியாயத்தை முழுக்கத் திருத்தி எழுதினேன். மணியம் இன்னொரு முறை கத்தினார். ஆனால் கதையைப் படித்துவிட்டு, பழைய அச்சு பிளேட்டைக் கழித்துவிட்டுப் புதுசு போடத் தன் ஆளிடம் சொன்னார்.

பேட்டி எடுக்கும் பிள்ளைகளுக்கு இதிலிருந்து நான் சொல்வது இவ்வளவுதான். நம் ஆள் நம் மொழியில் சொன்னதைப் பதிவு செய்ததும் வேலை முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். பக்கத்து ஊரில், வேறு மொழியில், மீதிக் கதையை வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருக்கலாம். அந்த வாசலையும் மிதித்துவிட்டு வந்து எழுதுங்கள். அச்சகக்காரர் கத்தினால் கத்தட்டும்.

கடைசியாகப் படத்துக்குக் கீழே போடும் குறிப்பு மிச்சமிருந்தது. என் புத்தகங்களில் ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே தாயார் பெயரைப் போடுவேன். அக்காவுக்குப் போன் செய்து, இரண்டு பெயரையும் போடுகிறேன், எதை முதலில் போடட்டும் என்று கேட்டேன்.

"பெத்தவங்க பேர மொதல்ல போடு தம்பி" என்றார். "எங்கம்மாகிட்ட கேட்டிருந்தா அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்க."