அக்காவின் ஹரிபாபு

என் அக்கா தேன்மொழி வளர்த்த ஆட்டுக்குப் பெயர் ஹரிபாபு. அது செத்த பிறகு வாங்கிய ஆட்டுக்கும் அதே பெயர்தான்.

ஊரெல்லாம் கம்ப்யூட்டர் படித்து ஹைதராபாத்துக்கு ஓடிய காலத்தில், ஆந்திராவில் நகரிப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்த அக்கா, திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு எம்.எஸ்சி. சேர்ந்தாள். அசல் ஹரிபாபு அவளுடைய வகுப்பில் படித்தார். லீவுக்கு வந்தால் அவர் பேச்சுதான்.

"பைக்ல வர்றான். காட்டுக்குன்னு தனியா ஷூ வெச்சிருக்கான். செம்மரத்துக்கு மூணு இலை, வேங்கைக்கு அதுக்கு மேலன்னு நான் சொன்னதையே சாருகிட்ட ஒப்பிக்கிறான். அவரும் தலையாட்டிக்கினு இருக்காரு!"

"சோத்தத் துன்னுட்டுத் திட்டுடி," என்பார் அம்மா.

எங்களைப் பற்றி அவள் யாரிடமும் அவ்வளவு பேசியிருக்கமாட்டாள். எனக்கே அவர்மேல் எரிச்சலாக வரும்.

செம்மரக் காட்டு ஆய்வுக்கு ஒரே ஓர் இடம் வந்தது. மலையில் மரங்களை யார் சரியாக இனம் சொல்கிறார்களோ அவர்களுக்கு. அது தனக்குத்தான் என்றிருந்தாள் அக்கா. பேராசிரியர், "ஏரு தக்கரிக்கி ரண்டி" என்று கூப்பிட்டிருக்கிறார். தெலுங்கில் ஏரு என்றால் ஆறு. அக்கா காதில் ஏரி என்று விழுந்தது. அடிவாரத்து ஏரிக்கரையில் வெயில் ஏறும்வரை தனியாக நின்றாள். மேலே ஆற்றோரம் ஹரிபாபு மரங்களைச் சொல்லி முடித்திருந்தார்.

அந்த ஆய்வு அவரை அமெரிக்கா வரை கொண்டுபோனது. அக்கா நகரியில் சயின்ஸ் டீச்சர் ஆனாள். வீட்டுக்குப் பின்னால் செம்மரக் கன்று வைத்துக்கொண்டே இருந்தாள்; ஆடு தின்றுகொண்டே இருந்தது. "எனக்கு வர்றதெல்லாம் நீயே துன்னு," என்று ஓர் அடி போடுவாள். பிறகு தழையும் போடுவாள்.

அக்காவின் காரியத்துக்கு அசல் ஹரிபாபு பெரிய மாலையோடு வந்தார். வாசலில் நாற்காலி போட்டோம். பின்பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது: "டேய் ஹரிபாபு, எருமப் பயலே! அவ வெச்ச செடியத் துன்னாதடா!"

அவர் எழுந்து நின்றுவிட்டார். ஆட்டைப் பற்றிச் சொன்னேன். ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அய்யோ, காய்ச்சல்னு நெனச்சோம்மா. அப்புறமாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயா?"

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "அவங்க வந்திருந்தா அந்த இடம் எனக்கு ஏது?" என்றார்.

அவர் இவ்வளவு நல்லவராக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கும் பிடித்திருக்காது.

படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவர் கிளம்பினார். கார் திரும்புவதற்குள் ஆடு வந்து மாலையின் நுனியை இழுத்தது. அம்மா குச்சியை எடுத்தார்.

"வுடும்மா," என்றேன். "துன்னட்டும்."