ஜூலை மாதக் கிறிஸ்துமஸும் அண்ணியின் பாட்டு விழாவும்

என் அண்ணன் ஃபெர்னான் ஜூலை வெயிலில் கிறிஸ்துமஸ் தாத்தாவாகச் சிவப்புக் கம்பளி உடுப்பு மாட்டிக்கொண்டு, பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு, மூக்கு நுனியில் வியர்வை சொட்டச் சொட்ட ஊரான் வீட்டுப் பிள்ளைகளை மடியில் உட்காரவைத்துப் பரிசு கொடுப்பான். அந்தத் தாடியை அவன் துவைத்து நான் பார்த்ததே இல்லை. போன வருஷத்து பியர் நாற்றமும் கரியில் வாட்டிய இறைச்சியின் புகையும் அதில் குடியிருக்கும். பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெற்றவர்கள் "சிரி, சிரி" என்று அதட்டியபடி படம் எடுப்பார்கள்.

பிரெஞ்சு பேசுகிற எங்கள் மாகாணம் முழுக்கக் கட்டட வேலைக்காரர்களுக்கு ஒரே சமயத்தில் லீவு விடுகிற அந்த இரண்டு வாரத்தில்தான் சக்கர வீடுகளை நிறுத்தித் தங்குகிற எங்கள் கேரவன் முகாமில் கிறிஸ்துமஸ் வரும். டிசம்பரில் ஒன்று வருகிறதே, போதாதா என்று கேட்டால் என்னை ஏதோ சிலுவையை உடைத்தவளைப் போலப் பார்ப்பார்கள். கேரவனுக்குக் கேரவன் விளக்குச் சரம், பிளாஸ்டிக் மான், பனிக்குப் பதில் பஞ்சு. பஞ்செல்லாம் செத்த கொசு. ஏரிக்கரையில் சட்டையில்லாத ஆம்பிளைகள் தொப்பையில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு மாதா கோயில் பாட்டு பாடுவார்கள். எனக்குப் பார்க்கச் சகிக்காது. ஆனாலும் வருஷா வருஷம் போகிறேன், புருஷன் கஸ்தோன் அங்கேதான் இடம் பிடித்து வைத்திருக்கிறான்.

என் அண்ணி லிசெட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அண்ணனின் தாடி குறுக்கே வந்துவிட்டது. அவள் வாழ்க்கையிலும் அது அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

அண்ணி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எங்கள் பக்கத்துப் பனியில், கண்ணாடிபோல் வழுக்குகிற சாலையில், பின்னால் ஒரு பட்டாளம் கத்திக்கொண்டிருக்க, ஒரு கையில் காபியோடு ஓட்டுவாள். அவள் அப்பா காகித ஆலையில் இருந்தவர். இரண்டு பையன்களும் வளர்ந்து வடக்கே சுரங்க வேலைக்குப் போய்விட்டார்கள். தனக்கென்று வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை, ஒன்றைத் தவிர. ஒர்தான்ஸ் மெலான்சோன் பாடுவதை ஒருமுறை நேரில் கேட்க வேண்டும்.

ஒர்தான்ஸின் பாட்டுகளில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. ஒருத்தி உருளைக்கிழங்கு உரிப்பாள், ஒருத்தி வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பாள், ஒருத்தி புருஷனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அவனை விட்டுப் போவதைப் பற்றி யோசிப்பாள். எல்லாம் எங்கள் அடுக்களையில் பேசுகிற பிரெஞ்சில். நாங்கள் பேசுகிற பேச்சு பாட்டுக்கு லாயக்கு என்று எங்களுக்கு யாரும் அதற்குமுன் சொன்னதில்லை. அண்ணிக்கு அத்தனையும் மனப்பாடம்.

கிழக்கே கஸ்பே கரையில், ஆறு கடலாகிப் போகிற இடத்தில், ஒரு மீன்பிடிக் கிராமத்தில் வருஷந்தோறும் பிரெஞ்சுப் பாட்டு விழா நடக்கும். ஒர்தான்ஸ் பிறந்த கிராமம் அது. வேறெங்கும் பாடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆனாலும், அங்கே மட்டும் கடைசி நாள் மேடையில் ஏறுவாள். எங்கள் முகாம் கிறிஸ்துமஸும் அதே வார இறுதிதான், அதனால் அண்ணியின் பயணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் அண்ணனுக்குப் பதில் தாடி ஒட்ட ஆள் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கேரவனின் கூரைத் துணி கிழிந்துவிட்டதாம். இன்னொரு வருஷம் காரணம் சொல்லக்கூட அவன் மெனக்கெடவில்லை.

போன குளிர்காலத்தில் ஒர்தான்ஸ் ரேடியோவில் சொன்னாள், இந்தக் கோடையோடு சரி, முட்டி ஒத்துழைக்கவில்லை என்று. அண்ணி அன்றைக்கே விழா முழுவதற்கும் இரண்டு பாஸ் வாங்கி, பத்திரமாக வைக்கச் சொல்லி அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். அந்தக் கிராமத்தில் ஹோட்டல் கிடையாது. விழா நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரு அறையை வாடகைக்கு விடுவார்கள். மதாம் கோலெட் என்கிற ஒரு மனுஷியை ஃபோனில் பிடித்தாள். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்டு பேருங்களா?" என்று கேட்டது அந்தப் பக்கத்துக் குரல்.

"ஆமாங்க. நானும் என் வீட்டுக்காரரும்."

"குறட்டை விடுவாரா?"

"விடுவாரு."

"அப்ப பின்னாடி அறை தரேன். முன்னாடி அறைல போன வருஷம் ஒருத்தரு விட்ட குறட்டைல என் நாய் வீட்டை விட்டே ஓடிடுச்சு."

அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷங்களாகியிருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் செய்தாள். வண்டிக்கு டயர் மாற்றினாள். கடல் காற்றுக்கென்று மழைக்கோட்டு வாங்கினாள். வழியில் எந்த ஊரில் நல்ல சீஸ் கிடைக்கும், எந்த இடத்தில் நிறுத்தி ஆற்றைப் பார்க்கலாம் என்று பஸ் ஓட்டுகிறவர்கள் சங்கத்தில் கிழக்கத்திக்காரர்களிடம் விசாரித்து வைத்தாள். ஈஸ்டர் விருந்தில், குடும்பம் மொத்தமும் பன்றித் தொடையை வெட்டிக்கொண்டிருக்க, அண்ணன் எழுந்து நின்று கிளாசைத் தூக்கினான்.

"இந்த வருஷம் தாடியை வேற எவன் தலைல வேணா கட்டுங்க. நான் என் பொண்டாட்டியோட பாட்டு கேக்கப் போறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவனுக்குக் கை தட்டு கிடைத்தால் போதும், எதை வேண்டுமானாலும் சொல்லுவான். சின்ன வயசிலிருந்தே அப்படி.

ஜூன் பிறந்ததும் திட்டம் தேய ஆரம்பித்தது. முதலில் புதன்கிழமை கிளம்புவதாக இருந்தது. "மேடை கட்டணுமே, நான் இல்லாம அவனுங்களுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது" என்றான். சரி, வெள்ளிக்கிழமை. பிறகு அதுவும் போயிற்று.

"சனிக்கிழமை சாயந்தரம் ஒரே ஒரு மணி நேரம் தாடி வச்சிட்டு, ஞாயித்துக்கிழமை விடியக் கிளம்பினா உன் ஒர்தான்ஸைப் பிடிச்சிடலாம். அவதானே உனக்கு வேணும்? மத்தவனுங்க பாட்டையெல்லாம் நீ என்னத்தக் கேக்கப் போறே?"

அண்ணி தலையாட்டினாள். நாலு நாள் விழா ஒரு சாயங்காலமாகச் சுருங்கியதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க ஏன் அண்ணி வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க?" என்றேன்.

"அந்த ஒரு சாயந்தரம் கிடைச்சா போதும் ஒடெட்" என்றாள்.

முகாமுக்குப் போன பிறகு ஆம்பிளைகள் தினமும் எங்கள் கேரவன் நிழலில் கூடிக் கூடிப் பேசினார்கள். ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற செர்ஜ் என்று ஒருவன், கழுத்தில் தங்கச் சங்கிலியும் காலில் ரப்பர் செருப்புமாக, அடிக்கடி வந்தான். அண்ணி அவர்களுக்கு சாண்ட்விச் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் அதைத் தின்றுகொண்டே, "லிசெட், கஸ்பேல குளிருமாம், ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்பார்கள். சொல்லிவிட்டு ஒருவனை ஒருவன் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். பியர் போதை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. ஆள் வேகிற வெயில். வான்கோழி, குழம்பு, பிறகு எங்கள் ஆட்களின் பெருமைக்குரிய சாண்ட்விச் கேக். ரொட்டியின் நடுவே முட்டையும் பன்றி இறைச்சியும் அடைத்து, வெளியே ரோஸும் பச்சையுமாகச் சீஸ் பூசியது. வெயிலில் அந்தச் சீஸ் வியர்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் ஈ உட்கார, ஒரு அம்மாள் ஈயைத் தட்டிவிட்டு விரலை நக்கிக்கொண்டாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கெல்லாம் பரிசு கொடுத்து முடித்ததும் அண்ணன் மைக்கைப் பிடித்தான். "கடைசிப் பரிசு என் லிசெட்டுக்கு."

பெரிய பெட்டி. திறந்தால் உள்ளே இன்னொரு பெட்டி. அதற்குள் இன்னொன்று. ஒவ்வொன்றைப் பிரிக்கும்போதும் கூட்டம் ஓவென்று கத்தியது. அண்ணி அவசரப்படாமல், காகிதம் கிழியாமல் பிரித்தாள். கடைசிப் பெட்டியில் நரைத்த சுருட்டை முடி விக் ஒன்று இருந்தது. ஒர்தான்ஸின் முடியைப்போலவே.

அண்ணன் அதைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான். செர்ஜ் பொத்தானை அமுக்கினான். பொத்தான் தைக்கிற பெண்ணின் பாட்டு ஸ்பீக்கரில் அலறியது. தாடியும் விக்குமாக, இடுப்பை ஆட்டி, கீச்சுக் குரலில் என் அண்ணன் பாடினான். முட்டி வலிக்கிற மாதிரி நொண்டிக் காட்டினான். ஜனங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நீ விழாவுக்குப் போகவேணாம்டி. விழாவே உன்னத் தேடி வந்துடுச்சு" என்றான் மைக்கில். "பாஸு, அறை எல்லாத்தையும் செர்ஜோட மாப்பிள்ளைக்குத் தள்ளிவிட்டுட்டேன். அதுக்குப் பதிலாத்தான் இந்த ஸ்பீக்கரு, லைட்டு எல்லாம். கோடை முழுக்க நம்மளுது."

செர்ஜ் எழுந்து குனிந்து வணக்கம் போட்டான். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். முகாம் கிறிஸ்துமஸில் யாரை வைத்துக் கேலி செய்கிறார்களோ அவர் கை தட்டியாக வேண்டும், முகத்தைத் தூக்கினால் பண்டிகையைக் கெடுத்தவர் ஆகிவிடுவார். அண்ணி கை தட்டினாள். பிறகு போய் அந்தச் சாண்ட்விச் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள்.

நான் கஸ்தோனைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "உனக்குத் தெரியுமா?"

"கிறிஸ்துமஸ் ரகசியம்டி. வெளிய சொல்லக் கூடாதில்ல" என்றான். பல்லெல்லாம் ரோஸ் சீஸ். இருபத்தாறு வருஷம் இந்த வாய்க்கா முத்தம் கொடுத்தேன் என்று இருந்தது.

இன்னும் வெளிச்சம் போகவில்லை. அண்ணி தண்ணீர்க் குழாயடியில் வான்கோழித் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொழுப்பு உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அழக்கூட வரவில்லை எனக்கு, அவ்வளவு அருவருப்பு.

"அண்ணி, எனக்குத் தெரியாது. சத்தியமா."

"தெரியும். உனக்குத் தெரிஞ்சிருந்தா ஊரே கேக்கிற மாதிரிக் கத்தியிருப்பே."

"வாங்க, என் கார்ல போயிடலாம். எப்படியாச்சும் வாசல்லயாவது நின்னு..."

"வாசல்ல நான் ஏன் நிக்கணும்?" தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே மதாம் கோலெட் ஃபோன் பண்ணாங்க. யாரோ ஒருத்தன் கூப்பிட்டு உங்க அறை இனிமே எனக்குன்னு சொல்றானே, நிஜமான்னு கேட்டாங்க. நான்தான் வருவேன், அறை என்னுதுதான்னு சொல்லிட்டேன். பாஸ் போச்சு. கடைசி நாளுக்கு மட்டும் ஒரு டிக்கெட் கிடைச்சிச்சு. வாங்கிட்டேன்."

"ரெண்டு வாரமாத் தெரியுமா? அப்புறம் எதுக்கு இவனுங்களுக்கு சாண்ட்விச் போட்டுக் கொடுத்தீங்க? எதுக்கு இதையெல்லாம் உக்காந்து பாத்தீங்க?"

"தினம் காலைல உங்கண்ணன்கிட்ட பாஸ் எங்க இருக்குன்னு கேட்டேன். பத்திரமா இருக்குன்னு தினமும் சொன்னான். சரி, மனசு மாறித் திருப்பி வாங்கி வச்சிருப்பானோன்னு ஒரு நப்பாசை." ஈரக் கையை உதறினாள். "கடைசிப் பெட்டியைத் திறக்கிறவரைக்கும் இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கேரவன் இழுக்கிற வண்டி இல்லை. அண்ணன் மத்தியானம்தான் எழுந்து வந்தான். கன்னத்தில் தாடிப் பசை காய்ந்து தோல் உரிவதுபோலத் தொங்கியது.

"அவ எங்க?"

"பாட்டு கேக்கப் போயிருக்காங்க."

"பாஸ் இல்லாம என்னத்தக் கேப்பா? பாதி வழில திரும்பிடுவா பாரு. நேத்து எவ்வளவு சிரிச்சா, பாத்தேல்ல?" என்று சொல்லிவிட்டு மிச்ச வான்கோழியைக் கையாலேயே பிய்த்துத் தின்ன உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை காலை அண்ணி எனக்கு ஃபோன் செய்தாள். பின்னால் கடல் இரைந்தது, ஒரு நாய் குரைத்தது.

"நாற்காலில உக்காந்துதான் பாடினாங்க ஒடெட். குரல் பாதி போயிடுச்சு. நடுவுல ஒரு பாட்டுல வரி மறந்து நின்னுட்டாங்க. நான் எடுத்துக் கொடுத்தேன்."

"நீங்களா?"

"மொத்த ஹாலும்தான் கொடுத்துச்சு. ஆனா முதல்ல நான்." நாயை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "பஸ்ஸு செப்டம்பர்லதானே. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டுமான்னு மதாம் கோலெட்டைக் கேட்டேன். நீ குறட்டை விடமாட்டேதானே, இருன்னுட்டாங்க. உங்கண்ணன்கிட்ட நீயே சொல்லிடு."

சொல்லப் போனேன். அண்ணன் மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் விழாவில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுவிட்டாள் என்றதும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"எப்படி உள்ள விட்டானுங்க?"

"டிக்கெட் வாங்கியிருந்தாங்க. முன்னாடியே."

"எத்தனை?"

"ஒண்ணு. செப்டம்பர் வரைக்கும் வரமாட்டாங்களாம்."

அவன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டா வாங்கியிருந்தா நானும் கூடப் போயிருப்பேனே" என்றான்.

அவன் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.