உலைக் கதவில் ஒரு வலைநூல்

நூற்று நாற்பது பூட்டு ஊசிகளுக்கான தரச்சான்றில் நான் கையெழுத்திடவில்லை. அதைப் பற்றித் தொழிற்கூடத்தில் ஒருவிதமாகவும் எங்கள் குப்பத்தில் வேறுவிதமாகவும் பேசுகிறார்கள். ஓரிடத்தில் நான் துறைமுகத்தின் மீது பழிதீர்த்துக்கொண்டவள். மற்றோரிடத்தில் துறைமுகத்துக்காக நியாயம் பேசிய அசடு. நடந்தது இரண்டிலும் அடங்காது. தவறு என்னிடமிருந்துதான் தொடங்கியது. அதை மறைத்துவிட்டு மறுத்ததை மட்டும் சொன்னால் அந்த மறுப்புக்கு மதிப்பில்லை. ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

நான் உலோகவியல் படித்தவள். வீடு பழவேற்காட்டு ஏரிக்கரையில். பொன்னேரி வரை பேருந்து, அங்கிருந்து ஆரம்பாக்கத்துக்கு ரயில், பிறகு நெடுஞ்சாலையோரமாகக் கால்மணி நேர நடை. அந்தத் தொழிற்கூடத்தில் வெற்றிட உலை என் பொறுப்பில் இருந்தது. பார்வைக்கு அது படுக்கவைத்த பெரிய தண்ணீர்த் தொட்டியைப் போல இருக்கும். எஃகைச் சிவக்கக் காய்ச்சும்போது காற்றுப் பட்டால் மேற்பரப்பு கறுத்துச் செதில் செதிலாக உதிரும். அதனால் முதலில் பம்புகள் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும். பிறகு மின்சாரத்தால் சூடேற்றுவோம். குளிர்விக்கும்போது நைட்ரஜனைப் பாய்ச்சுவோம். எல்லாம் சரியாக நடந்தால் உள்ளே போன எஃகு போனதைவிடப் பளிச்சென்று வெளியே வரும்.

வேலையில் சேர்ந்த புதிதில் இதை என் நைனாவுக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) விளக்கிச் சொன்னேன். காற்று இல்லாமல் நெருப்பு எப்படி எரியும் என்று கேட்டார். நெருப்பே கிடையாது என்றேன். "நெருப்பும் இல்ல, காத்தும் இல்ல. அதுக்கா நாலு வருசம் படிச்ச?" என்றார். ஆனால் அந்த உலையின் முழு வேலையும் அதுதான். காற்றுக்கு வழி விடாமல் இருப்பது. கதவின் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் பதிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, கதவை மூட வேண்டும். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் போதும், வெளிக்காற்று அதன் ஓரமாக உள்ளே நுழைந்துவிடும்.

அந்த ஊசிகள் எங்கள் ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் துறைமுகத்தின் சிறு படகுகளுக்குரியவை. கப்பல் வரும்போது அதன் கட்டுக்கயிற்றைக் கரைக்கு இழுத்துச் செல்லும் படகுகள் அவை. கயிற்றைப் பிடித்திருக்கும் கொக்கியை ஆபத்து நேரத்தில் ஒரே இழுப்பில் விடுவிக்க முடிய வேண்டும். கொக்கி திறக்காவிட்டால் கப்பலின் இழுப்பில் படகு பக்கவாட்டில் சாய்ந்து கவிழும். அந்தக் கொக்கியைப் பூட்டுவதும் திறக்க விடுவதும் சுண்டுவிரல் பருமனுள்ள இந்த ஊசிதான். உப்புத் தண்ணீரில் அது துருப்பிடித்துத் துளைக்குள் இறுகிவிடக் கூடாது.

அப்போது வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. மறுநாள் நைனாவுக்குப் பாட்டு முறை. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டுவதில்லை. இறால் கிடைக்கும் இடங்களைப் பாடு என்போம். எந்தப் பாட்டில் எவர் எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறோம். முறை வரும் நாளில் வலை கிழிந்து கிடந்தால் அந்த நாள் போனதுதான். அடுத்தவர் தன் நாளைத் தரமாட்டார், தரும்படி கேட்பதும் வழக்கமில்லை. கிழிந்திருந்த எங்கள் வலையில் ஒரு பகுதியைப் பழுது பார்க்க நைனாவும் அம்மாவும் எடுத்துக்கொண்டார்கள். மீதியைப் பையில் சுருட்டி நான் வேலைக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு இடைவேளையில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து முடித்துவிட்டேன். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை, இன்றும் இல்லை.

வலை பழுது பார்க்கும்போது நறுக்கிய நைலான் துணுக்குகளை எங்களில் யாரும் மணலில் போடமாட்டோம். பிள்ளைகளின் கால்விரலில் சுற்றும், கொக்கின் காலில் சுற்றும். அவற்றைச் சட்டைக் கையின் மடிப்பில் செருகிக்கொள்வோம். வேலை முடிந்ததும் மொத்தமாக எடுத்துக் குப்பையில் போடுவோம். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமல்ல. கை தானாகவே செய்யும். அன்றும் செய்தது. நான் அணிந்திருந்தது தொழிற்கூடத்தின் நீலக் கோட்டு.

மணி அடித்ததும் மடிப்பிலிருந்த துணுக்குகளைக் கொட்டிவிட்டு உள்ளே போனேன். எல்லாவற்றையும் கொட்டியதாகத்தான் நினைத்தேன். ஊசித் தட்டை உலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தவர் பக்கத்துக் குப்பமான தோணிரேவைச் சேர்ந்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர். ஒப்பந்தத் தொழிலாளி, காலை ரயிலில் என்னோடு வருபவர். நான் வளையத்தைத் துடைத்தேன், அவர் கதவை மூடினார், பம்பு ஓடத் தொடங்கியது. உள்ளழுத்தத்தைக் காட்டும் மானியின் முள் வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியது. அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வாடைக்காற்றுக் காலத்தில் உலைச் சுவர் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், அதனால் முள் இறங்கத் தாமதமாகும். இந்தக் காற்றை எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். ஈரமா, கசிவா என்று பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு: பம்பின் வால்வை மூடிவிட்டு, முள் மேலேறும் வேகத்தைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். காலையில் மின்சாரம் நின்றதால் ஏற்கெனவே தாமதம். அந்தப் பத்து நிமிடத்தை நான் தாண்டிப்போனேன். ஏரிக்கரையில் பிறந்த ஒருத்திதான் இப்படி ஏமாந்திருக்க முடியும். வேறு ஊர்க்காரர் அந்தக் காற்றின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கமாட்டார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தோம். வெள்ளியாக வர வேண்டிய ஊசிகள் வைக்கோல் நிறத்திலும் மயில் நீலத்திலும் கிடந்தன. விளக்கைப் பிடித்துக்கொண்டு வளையத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கீழ்ப்பக்கத்தில் ஒரு நூல், அரைச் சாண்கூட இருக்காது. கதவைச் சுற்றித் தண்ணீர் ஓடிக் குளிர்விப்பதால் அது கருகாமல் தன் பச்சை நிறத்திலேயே இருந்தது. அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு என் சட்டைக் கையைப் பார்த்தார்.

"சுத்து வலை நூலு. உள்ள போட்டு முழுங்கிடவா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

மேலாளர் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் அல்லர். சரக்கை அனுப்ப வேண்டிய கெடு நெருங்கியதால் முந்தைய வாரம் முழுவதும் அவர் சரியாகத் தூங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கண்ணாடித் தூளைக் காற்றால் பீய்ச்சி அடித்தால் நிறம் போய்விடும், இரண்டே மணி நேர வேலை என்றார். நிறம் போகும், அதன் அடியிலிருக்கும் கேடு போகாது என்றேன். துருவைத் தடுக்கும் குரோமியம் மேற்பரப்பில் குறைந்துபோயிருக்கும். அளவுக்குத் தேய்த்து முடித்த ஊசி என்பதால் மேலும் சுரண்டினால் துளையில் ஆடும். அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவர் நூலைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"நீ மறியல்ல உக்காந்திருந்தவதானே? பேப்பர்ல பார்த்தேன். உங்க ஊரு கோவத்த எங்க ஃபர்னஸ்ல காட்டாதம்மா" என்றார்.

எங்கள் ஏரியைப் பாதிக்கும் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிராக நான் உட்கார்ந்தது உண்மை. மீண்டும் அழைத்தாலும் உட்காருவேன். ஆனால் அந்த வாக்கியம் எனக்கு விரித்த வலை நன்றாகத் தெரிந்தது. நான் மறுத்தால் அது எதிர்ப்பாளியின் வேலை. ஒப்புக்கொண்டால் நான் நல்ல ஊழியர். ஊசியைப் பற்றிய பேச்சு எங்கோ போய்விட்டது. அவர் மேலும் தெளிவாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் நூல் குப்பைக்குப் போகும். போடாவிட்டால் நூல் அறிக்கைக்குப் போகும். கதவை மூடிய ஆள் வெளியே போவார். இனி ஏரிப் பக்கத்திலிருந்து ஒருவரையும் வேலைக்கு எடுப்பதில்லை. மறுநாள் காலை வரை யோசிக்கச் சொன்னார்.

மாலை ரயிலில் அண்ணன் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தார். என் கையெழுத்துக்கும் அவர் வேலைக்கும் முடிச்சுப் போட்டாகிவிட்டது என்பதை நானே அவரிடம் சொன்னேன். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"நீ படிச்சவ பாப்பா, நாயம் பேசுவ. கேட்டுக்கு வெளிய நிக்கப்போறது நான். எனக்கு ரெண்டு பொண்ணு கீது."

அவர் பயந்ததால் அவர் சொன்னது சரியாகிவிடாது; நான் படித்தவள் என்பதால் நான் செய்ய எண்ணியதும் சரியாகிவிடாது. பொன்னேரியில் இறங்கும்போது, கதவை மூடியவர் அவர் என்றாலும் வளையத்தைத் துடைத்தவள் நான், அதைத்தான் எழுதுவேன் என்றேன். எழுதுவதற்கு நேரம் இருக்கும், படிப்பதற்கு யாருக்கு நேரம் இருக்கும் என்று கேட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

அன்று விடியுமுன்பே பாட்டுக்குப் போயிருந்த நைனா இறாலை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். நல்ல நாள், கிழிந்த இடம் தாங்கியது என்று பாராட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். ஊசி எங்கே போகிறது என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"துறைமுகத்துக்குன்னா இன்னாத்துக்கு யோசன? கையெழுத்த போட்டுட்டு வா. ஏரிய அடைக்கும்போது அவங்க நம்மள கேட்டாங்களா?"

அந்தப் படகுகளில் ஏறுகிறவர்கள் யார் என்று நான் கேட்டேன். முதலாளியா ஏறுகிறார்? எங்கள் தெருவிலிருந்தே மூன்று பேர் ஒப்பந்தத்தில் அங்கே கயிறு இழுக்கிறார்கள். ஏரியில் பிழைக்க முடியாமல் போனவர்கள். அவனுங்களாகத்தானே போனானுங்க என்றார் நைனா. அவர்களாகப் போனார்கள் என்பதற்காகக் கொக்கி திறக்காமல் சாக வேண்டுமா என்றேன். வெளியூர்க்காரனாகவே இருந்தாலும் சாக வேண்டுமா? எதிர்ப்பு என்றால் நேரே நின்று செய்ய வேண்டும். பழுதான ஊசியை அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருப்பது எதிர்ப்பாகாது. நைனா தட்டை நகர்த்திவைத்தார். நான் பிறந்ததிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. எழுந்துபோய்க் கை கழுவினார்.

மறுநாள் காலையில் மேலாளரின் மேசையில் ஒரு தாளை வைத்தேன். நூல் என் சட்டைக் கையிலிருந்து விழுந்தது. வளையத்தைத் துடைத்தவள் நான். கசிவுச் சோதனையைச் செய்யாமல் விட்டவளும் நான். இந்த ஊசிகள் கடலுக்குத் தகுதியற்றவை, சான்று தர மறுக்கிறேன். கீழே என் பெயர், பதவி, நேரம். இதன் நகலை வாடிக்கையாளரின் தரப் பிரிவுக்கும் அனுப்புமாறு கேட்டிருந்தேன்.

படித்து முடித்துவிட்டு, இதோடு ஏரிக்காரர்களுக்கு இங்கே கதவு சாத்தியாயிற்று என்றார் மேலாளர்.

"நூல் என் கையிலேர்ந்து விழுந்தது சார். என்னை நிறுத்துங்க. எங்க ஊரை நிறுத்த உங்களுக்கு உரிமை இல்ல" என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஊசிகள் அனைத்தும் வெட்டி உருக்குக் கழிவில் சேர்க்கப்பட்டன. புதிய ஊசிகள் செய்து முடிக்கப் பல நாள் ஆயின. வாடிக்கையாளர் தாமதத்துக்குக் கோபப்பட்டார்களே தவிர, காரணம் தெரிந்தபின் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். தட்டில் ஊசிகளை ஒன்றோடொன்று உரசாமல் அடுக்க வேறு யாருக்கும் கை வராததால் ஐந்தாம் நாள் திரும்ப அழைத்தார்கள். அந்த நான்கு நாள் அவர் பட்டதற்கு நான் பொறுப்பு. அதை அவரிடம் சொன்னேன். தெரியும் என்றார். இப்போது ரயிலில் என்னோடு உட்காருகிறார்; முன்போலக் கிண்டல் செய்வதில்லை.

என்னை உலையிலிருந்து எடுத்துச் சரக்கு அறைக்கு மாற்றினார்கள். வாயிலில் காவலர் ஏரிப் பக்கத்து ஆட்களின் பைகளை மட்டும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். பார்ப்பதானால் மேலாளரின் பையையும் சேர்த்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் சோதனையே நின்றது. உலைக்கு மடிப்பில்லாத கோட்டும் கட்டாயக் கசிவுச் சோதனையும் வேண்டும் என்று எழுதினேன். அவை இரண்டும் நடைமுறைக்கு வந்துவிட்டன, என் பெயரில்லாமல். அதனால் குறையொன்றும் இல்லை.

என் இடமாற்றத்துக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணம் நிர்வாக வசதி. சோதனையை விட்டதற்குத் தண்டனை என்று எழுதித் தந்தால் தலைவணங்கி ஏற்றுக்கொள்வேன், அது நியாயமானது. கையெழுத்திட மறுத்ததற்குத் தண்டனை என்றால் அதையும் அப்படியே எழுதித் தர வேண்டும். இரண்டில் எது என்பதை நான் எழுத்தில் கேட்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில், சரக்கு அறையைத் திறப்பதற்கு முன்னால், மேலாளரின் அறைக்குப் போய் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறேன். சென்ற வாரம் அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே முத்திரையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். என் நகலில் நானே முத்திரை குத்திக்கொண்டேன்.