மூன்றாம் ஓலைக்கு முன்

இது எழுபதுகளின் தொடக்கம். என் மகன் அந்தோணிக்கு எட்டு மாதத்தில் முகம் வெளுத்தது. பால் பத்தவில்லை என்றார்கள் எங்கள் ராயபுரம் தெருவில். நானும் நம்பித் தொலைத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில்தான் தலசீமியா (ரத்தச் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். நானும் மனைவி பிலோமினாவும் சுமப்பவர்கள் (பழுது ஒரு பக்கம் மட்டும் வந்தால் நோய் இல்லை, தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் நோய்) என்றார். ஊர் முழுக்க எடுத்தால் சுமப்பவர்கள் கொஞ்சம் பேர்தானாம். சொந்தத்துக்குள்ளேயே கட்டினால், ஒரே தாத்தாவின் பழுது இரண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு கூடுமாம். பிலோமினா என் தாய்மாமன் மகள்.

நான் பயந்தது வேறு காரணத்துக்கு. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டும் என் தம்பி சேவியருக்கும் பிலோமினாவின் தங்கை ரோஸிக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஓலை (மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசித்தாயிற்று. மூன்றாவது, வரும் ஞாயிறு. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் ஒவ்வொரு முறையும் கேட்பார். எங்கள் தெருவில் யாரும் வாய் திறந்ததில்லை.

"நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னாங்க. அந்த ஒண்ணு நம்ம வூட்டுக்கு வந்துடுச்சே. இன்னும் இன்னா பயம் உனுக்கு?" என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டாக்டரிடம் அதையே சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இருவரும் சுமப்பவர்களானால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக நாலில் ஒன்று என்றார்.

சேவியரிடம் சொன்னேன்.

"ரோஸிய ரத்தம் பாக்க நானே இட்டுகினு வரேண்ணா" என்றான்.

இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நான்கு நாள் என்றார்கள். என் வாயால் ஒரு கல்யாணம் நிற்கப்போகிறதே என்று பயந்து செத்தேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை முடிவு வந்தது. ரோஸி சுமப்பவள். சேவியரிடம் பழுது இல்லை. அவர்கள் பிள்ளைக்கு இந்த நோய் வராது. மறுநாள் ஓலை வாசித்தார்கள்.

சந்தோஷம்தான். பொய் சொல்வானேன், வயிறும் எரிந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன். அவன் தப்பித்தான், நான் மாட்டிக்கொண்டேன்.

உங்கள் பிள்ளைக்கும் இது என்றால், கோபித்துக்கொண்டாலும் சொந்தக்காரர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இப்போது சேவியர்தான் அந்தோணிக்கு முடிந்தபோதெல்லாம் ரத்தம் கொடுக்கிறான். ஏற்றினால் இரண்டு வாரம் ஓடுவான் பிள்ளை. மூன்றாவது வாரம் உட்கார்ந்துவிடுவான். எங்கள் வீட்டில் மாதம் என்பது அவ்வளவுதான். அவன் ஓடும்போது என் கையைப் பார்த்துக்கொள்கிறேன். நல்ல பலமான கை, நோயென்று படுத்ததில்லை. இதிலிருந்து போன பழுதுதான் அவனை உட்காரவைக்கிறது. ஓடவைப்பது என் தம்பியின் ரத்தம்.