இரண்டாவது ஸ்லாட்டில் இருந்தவர்

இது நடந்தபோது எனக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. ஒரு புதன்கிழமை, பட்டப்பகல், தெரு நிறைய ஆள் நடமாட்டம். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். படித்து முடித்ததும் உங்கள் பக்கத்து வீட்டுக் கதவை ஒரு முறை தட்டிப் பார்த்தீர்கள் என்றால், நான் எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

பழைய லேப்டாப்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாக அதே மாடி, அதே மேசை. எதைத் திறப்பதற்கு முன்பும் ஒரு நொடி கண்மூடிக் கடவுளை நினைத்துக்கொள்வேன். உள்ளே யாரோ ஒருவரின் பிழைப்பு இருக்கிறது. கை தவறிவிடக் கூடாது.

பிற்பகல் 2.40க்கு ஒரு அம்மா படியேறி வந்தார். துணிப்பைக்குள் பத்து வருடப் பழைய லேப்டாப். அவருடைய கணவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிப் பேச்சு போய்விட்டது. அவர் தட்டுவதை இந்த லேப்டாப்தான் குரலாகப் படித்துச் சொல்லும். இரண்டு நாளாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரை நீலமாகி நின்றுவிடுகிறது.

“முப்பது வருஷமா என்னைத் திட்டிட்டே இருந்த மனுஷன். இப்ப திட்டக்கூட வழியில்லாம உக்காந்திருக்காரு” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ராத்திரியில மூச்சு முட்டினா இதுலதான் தம்பி என்னைக் கூப்பிடுவாரு. அசந்துட்டேன்னா இந்தச் சத்தத்துக்குத்தான் முழிப்பேன். இன்னிக்கே வேணும்.”

“ஆறு மணிக்கு வாங்கம்மா. வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்.”

லேப்டாப்பின் அடியில் இரண்டு ஸ்லாட்டுகள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை. ரேம் என்போம். நினைவு வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஆனால் மின்சாரம் நின்றால் அந்த நொடியே எல்லாவற்றையும் மறந்துவிடும்.

சந்தேகம் வந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துச் சோதிப்போம். பிறகு மாற்றிப் பார்ப்போம். அழிரப்பரால் இரண்டையும் துடைத்துச் சோதித்தேன். முதல் ரேம் நன்றாக இருந்தது. இரண்டாவது, நான்காம் நிமிடமே பிழைகளைச் சிவப்பு வரிகளாகக் கொட்டியது. ஒரே ரேமிலும் ஓடும். ஆனால் ஆமை வேகம். மூச்சு முட்டுகிறவர் அது பேசும்வரை காத்திருப்பாரா?

டிராயரைத் திறந்தேன். உடைசலுக்குப் போகும் லேப்டாப்களிலிருந்து கழற்றிய ரேம்கள் அதில் கிடக்கும். எதிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிவைப்பேன். இதற்குப் பொருந்தும்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் மட்டும் சீட்டு இல்லை. அவசரத்தில் விட்டிருக்கிறேன். போகட்டும் என்று இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டினேன்.

3.25க்குச் சோதனையை ஓடவிட்டேன். 4.35க்கு முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை.

4.41. பேசும் சாஃப்ட்வேரைத் திறந்தேன். நான் இன்னும் எதையும் தட்டவில்லை.

“யாராவது இருக்கீங்களா?”

ஏற்ற இறக்கம் இல்லாத இயந்திரக் குரல். திரையிலும் அதே எழுத்துகள். அந்த அம்மாவின் கணவர் முன்பு தட்டியது தங்கியிருக்கும் என்று அழித்தேன்.

4.43. மறுபடி வந்தது. இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக... மெதுவாக... நடுங்கும் விரலால் தட்டுவது போல.

கீபோர்டின் இணைப்பைக் கழற்றினேன். அப்போதும் வந்தது.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, அரை மணி நேரமா யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. ஒரு பதில் சொன்னா வாய் வலிக்குமா?”

“லேப்டாப்க்கா அது.”

“லேப்டாப் சரி. சுவரைத் தட்டுறது யாரு?”

மணி பார்த்தேன். 4.50. குரல் தொடங்கி ஒன்பது நிமிடம்தான் ஆகிறது. சுவரை யாரும் தட்டவில்லை.

பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் காத்திருந்தேன். சீட்டு இல்லாத ரேமை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். அமைதி. திரும்ப மாட்டினேன்.

“யாராவது இருக்கீங்களா?”

எடுத்தேன். அமைதி.

5.14. அதை என் சொந்த லேப்டாப்பில் மாட்டினேன். அதில் பேசும் சாஃப்ட்வேர் கிடையாது. ஸ்பீக்கர் கெட்டு ஒரு வருடம் ஆகிறது. பேட்டரியும் செத்துவிட்டது. பிளக்கில்தான் ஓடும்.

“யாராவது... இருக்கீங்களா...”

தினமும் சொல்லும் பிரார்த்தனை பாதியில் மறந்துபோனது. அக்கா சொன்னது மட்டும் காதில் நின்றது. யாராக இருந்தால் என்ன... கூப்பிடுகிறாரே.

தட்டினேன். “இருக்கேன்.”

எழுத்துகள் நின்றன.

ஒரு நிமிடம்...

இரண்டு...

“இப்பத்தான் வர்றீங்களா?”

பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணைந்தது.

குரல் அணையவில்லை.

“கதவு... திறந்துதான் இருக்கு...”

ரேமைப் பிடுங்கி, காகிதத்தில் சுற்றி, டிராயரில் வைத்துப் பூட்டினேன். மணி 5.22.

ஆறு மணிக்கு அந்த அம்மா வந்தார். கீபோர்டை மாட்டி, அவருடைய லேப்டாப்பை அந்த ஒரே ஒரு நல்ல ரேமோடு கொடுத்தேன். “கொஞ்சம் மெதுவா ஓடும்மா. நாளைக்கு இன்னொண்ணு வாங்கி மாட்டித் தர்றேன்.”

“மெதுவா வந்தாலும் திட்டு திட்டுதானே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை 7.05. போன். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாதான்.

“நீங்க நல்லா இருக்கணும் தம்பி. ராத்திரி மூணே காலுக்கு லேப்டாப் என்னை எழுப்பிருச்சு. பார்த்தா அவருக்கு உதடெல்லாம் நீலம். இங்க தூக்கிட்டு வந்துட்டோம். பிழைச்சுட்டாரு.”

“கடவுள் புண்ணியம்மா.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“எப்பவும் ‘ஏய்’னுதான் கூப்பிடுவாரு. நேத்து ‘யாராவது இருக்கீங்களா’ன்னு கேட்டுச்சு. கண்ணு முழிச்சதும் கேட்டா, நான் தட்டவே இல்லைன்னு எழுதிக் காட்டுறாரு. அப்ப கையைத் தூக்கவே முடியலையாம்.”

கடைக்கு ஓடினேன். டிராயர் பூட்டியபடி இருந்தது. காகிதம் பிரியவில்லை. உள்ளே ரேம் இருந்தது.

தொட்டேன்.

சூடாக இருந்தது. இரவு முழுக்க ஓடியது போல.

சீட்டு ஒட்டாமல் விட்டது போன வாரம் வந்த ஒரே ஒரு லேப்டாப்பின் ரேமில்தான். அதைக் கொடுத்த பழைய சாமான் கடைக்காரரிடம் போய், எந்த வீட்டில் எடுத்தது என்று கேட்டேன்.

“அதுவா... தனியா இருந்த ஒரு மனுஷனோடது. அவருக்குப் பேச்சு வராது. லேப்டாப்தான் பேசுமாம். ஒன்பதாம் நாள்தான் கதவைத் தள்ளிப் பார்த்திருக்காங்க. தாழ்கூடப் போடல. எட்டு நாளா குரல் கேட்டுச்சாம், சுவரைத் தட்டுற சத்தமும். பக்கத்து வீட்டுக்காரங்க ரேடியோன்னு விட்டுட்டாங்க.”

“எட்டு நாளா கூப்பிட்டிருக்காரா?”

கடைக்காரர் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

“அதான் தம்பி யாருக்கும் புரியல. டாக்டர் கணக்குப்படி, ஆள் முதல் ராத்திரியே போயிட்டாரு.”